தாமிரபரணிப் படுகையில் மிளகாய்ச் சாகுபடி: விளைச்சலிலும் தரத்திலும் உரம், பாசனம் ஆகியவற்றின் பங்கு

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளின் வழியே கார், பிசானம் ஆகிய இரு நெற்பருவங்களுக்கு நீர் அளிக்கிறது. கால்வாய்ப் பாசன வயல்களில் நெல்லும் வாழையும் மேலோங்கி நிற்க, மிளகாய் பெரும்பாலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடகிழக்கில் அமைந்த கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களின் மானாவாரிக் கரிசலிலும் பயிராகிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 1, கே 2 இரகங்கள் இம்மரபைச் சார்ந்தவை. நீர்வளம் வேறுபடும் இந்நிலங்களில் உரமும் நீரும் மிளகாயின் எடையையும் தரத்தையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தழைச்சத்தும் விளைச்சலும்

பாசன மிளகாய் இரகங்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரம், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 30:60:30 கிலோ, நடவு செய்த 30, 60, 90ஆம் நாள்களில் மேலுரமாகத் தலா 30 கிலோ தழைச்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாகும். ஆக, தழைச்சத்தின் மொத்த அளவு 120 கிலோ. இதில் மொத்த அளவைப் போலவே பிரித்திடும் முறையும் முக்கியமானது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளதால், ஒவ்வொரு மேலுரத்திற்கும் ஏறத்தாழ 65 கிலோ யூரியா போதுமானது. அதனை ஒரே தவணையில் மிகுதியாக இட்டால் செடி இலையும் கிளையுமாகச் செழிக்கும், பூக்கள் உதிரும், பழம் சிவப்பது தாமதமாகும், சாறுறிஞ்சும் பூச்சிகளின் தாக்குதலும் பெருகும். மேலும், மிளகாயின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. மிகைநீர் பாய்ச்சும்போது நைட்ரேட் வடிவிலுள்ள சத்து வேர்மண்டலத்தைக் கடந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. உழவருக்குப் பொருள் இழப்பும் கிணற்று நீருக்கு மாசும் ஒருங்கே நேர்கின்றன.

சாம்பல் சத்தும் உவர்ப்பும்

ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரையைப் பழத்திற்குக் கொண்டு சேர்ப்பதில் சாம்பல் சத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இச்சத்தைப் பொட்டாசியம் சல்பேட்டாக இடுவது மிளகாயின் தரத்தை உயர்த்தும் என்று மேற்கூறிய பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆற்றின் கடைமடையை ஒட்டிய உவர்நீர்க் கிணற்றுப் பகுதிகளில் இப்பரிந்துரை கூடுதல் பொருள் பெறுகிறது. பொட்டாசியம் குளோரைடு 50 கிலோ இடும்போது அதனுடன் 23 கிலோ அளவிற்குக் குளோரைடும் மண்ணைச் சேர்கிறது.

மிளகாய் உவர்ப்பை ஓரளவே தாங்கும் பயிர். மண்கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் அளவைக் கடந்தபின், ஒவ்வோர் அலகு உயர்வுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 14 விழுக்காடு குறையும் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. இதன்படி 3.5 டெசிசீமன்ஸ் உள்ள நிலத்தில் இழப்பு 28 விழுக்காட்டை எட்டும். இந்நிலையில் உரத்தைக் கூட்டுவது இழப்பை ஈடுசெய்யாது. உரமும் உப்பே ஆதலால் அதனை மிகுதியாக்கவே செய்யும்.

பாசனமும் காரமும்

மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசின், விதையில் அன்றி, விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் திசுவில் உருவாகிறது. மிதமான நீர்ப்பற்றாக்குறை பல இரகங்களில் காரத்தின் செறிவை உயர்த்துகிறது. ஆயினும் செறிவும் மொத்த அளவும் ஒன்றல்ல. பூக்கும் பருவத்தில் நீர் குறைந்தால் பூவும் பிஞ்சும் உதிர்ந்து காய்களின் எண்ணிக்கை சரிவதால், ஓர் எக்டேரில் கிடைக்கும் மொத்தக் காரம் குறையவும் கூடும்.

மறுபுறம், நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும்; அழுகல் நோய்கள் பரவும். வறட்சியும் மிகைநீரும் மாறிமாறி வரும்போது, நீரோட்டத்துடன் நகரும் சுண்ணாம்புச் சத்து காயின் நுனியை உரிய அளவில் அடையாது. அதனால் நுனியழுகல் தோன்றும். எனவே, சீரான இடைவெளியில் அளவாகப் பாய்ச்சுவதே முதன்மையான நெறி. சொட்டுநீருடன் உரத்தையும் சிறுசிறு அளவில் அளிக்கும் முறை இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுகிறது.

முடிவுரை

பச்சை மிளகாய்க்கு எடையே வருவாய். வற்றலுக்கு நிறமும் காரமும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, இரண்டிற்கும் ஒரே உரநீர் அட்டவணை பொருந்தாது. மண்ணையும் கிணற்று நீரையும் முதலில் ஆய்வு செய்தல், தழைச்சத்தைப் பிரித்திடுதல், உவர்நிலத்தில் குளோரைடு உரத்தைத் தவிர்த்தல், பூக்கும் பருவத்தில் நீர் குறையாமல் காத்தல் ஆகிய நான்கும் இப்பகுதி உழவர் கைக்கொள்ளத்தக்கவை. ஆய்வாளர்களும் ஓர் எக்டேரின் எடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், நிறம், காரம், செலவிட்ட நீர் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும். குடிநீருக்கும் வேளாண்மைக்கும் ஒரே ஆற்றை நம்பியுள்ள இப்படுகையில், உரத்தையும் நீரையும் அளவறிந்து பயன்படுத்துவது உழவரின் வருவாயோடு நிலத்தடி நீரின் தூய்மையையும் காக்கும்.