மலையைக் கடந்த நீர்

ஓர் ஆற்றின் நீர் மற்றோர் ஆற்றின் படுகைக்குத் தானாகச் செல்வதில்லை. இரண்டுக்கும் இடையே நீர்பிரிமேடு நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அம்மேட்டின் மேற்கே பெய்யும் மழை பெரியாற்றின் வழியே அரபிக்கடலை அடைகிறது. கிழக்கே வையைப் படுகையோ மழைமறைவில் கிடக்கிறது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. இராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே ஆளனுப்பி ஆராய்ந்தார்; பொருள் வசதியின்மையால் அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னரே திட்டம் உயிர்பெற்றது.

1886இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுஆண்டு பணி தொடங்கிற்று. காட்டாற்று வெள்ளம் கட்டியவற்றை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தது. 1895இல் அணை திறக்கப்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக்கைப் பற்றி உலவும் கதைகள் பல. அவற்றினும் வியப்பிற்குரியது அவர் நிறைவேற்றிய அமைப்பு.

பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு அப்பால் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு: நீரை இறைத்து ஏற்றுவது ஒன்று, அணையால் நீர்மட்டத்தையே உயர்த்தி, மேட்டைக் குடைந்து வழிவிடுவது மற்றொன்று. இங்கு இரண்டாவது வழியே கையாளப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தும் கருங்கல்லும் கொண்டு எழுப்பிய அணை, நீரை மலைக்குடைவின் வாய்வரை உயர்த்தியது. ஏறக்குறைய 5,700 அடி நீளமுள்ள அச்சுரங்கத்தைக் கடந்த நீர் கிழக்குச் சரிவில் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வையையை அடைகிறது. இடையில் எங்கும் இறைக்கும் எந்திரம் இல்லை. பின்னாளில் அவ்விறக்கத்திலேயே மின்சாரமும் எடுக்கப்பட்டது.

இவ்வமைப்பில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அணையில் நீர்மட்டம் ஏறத்தாழ 104 அடிக்குக் கீழே சென்றால் நீர் கிழக்கே வாராது. முழுக்கொள்ளளவு மட்டம் 152 அடி. ஆகவே பயன்படும் உயரம் 48 அடியே. அணையின் வலிமை குறித்து ஐயம் எழுந்தபோது, 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பத்தில் ஒரு பங்குக் குறைப்பு. உண்மையில் பயன்படும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளத்தாக்கு மேலே செல்லச்செல்ல விரிவதால், நீரின் அளவில் இழப்பு இன்னும் மிகுதி. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவிக்கும் உழவர் ஓரடி நீருக்கும் கணக்குப் பார்ப்பது இதனாலேதான்.

அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்வோர் அதே ஓரடியை அச்சத்தோடு நோக்குகின்றனர். பழைய அணை உடைந்தால் என்னாகும் என்னும் அவர்தம் கவலையைப் புறந்தள்ள இயலாது. அணை நிற்பது கேரள மண்ணில். அதனை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. பயன் ஒரு படுகைக்கும் இடர் மற்றொரு படுகைக்குமாகப் பிரிந்து நிற்பதே இவ்வழக்கின் வேர். உச்சநீதிமன்றம் 2006இலும் 2014இலும் 142 அடிவரை நீர் தேக்க இசைவளித்தது. இரண்டாம் தீர்ப்பில், அணையைக் கண்காணிக்க மூவர் குழு ஒன்றை அமைக்கவும் ஆணையிட்டது.