ஆறு வெட்டிய பள்ளத்தில் குர்லாவும் தாராவியும்

மழைக்காலம் வந்தால் குர்லாவிலும் கலினாவிலும் சில தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் தெருவிலோ தண்ணீர் வடிந்து போயிருக்கும். ஏன் இப்படி?

சாக்கடை அடைப்பு ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. அந்தத் தெருக்கள் இருக்கும் நிலத்தை அமைத்ததே மித்தி ஆறு.

பஸ்சில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் மித்தி. நம்மவர்களில் பலர் அதை 'நாலா' என்றே நினைக்கிறார்கள். அது நாலா அல்ல, ஆறு. நீளம் சுமார் 18 கிலோ மீட்டர்.

மலையை அறுக்கும் தண்ணீர்

மும்பையின் வடக்கே, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கும் குன்றுப் பகுதியில் மித்தி தொடங்குகிறது. இந்த ஆற்றை மறித்துத்தான் 1860-ல் விகார் ஏரியைக் கட்டினார்கள். விகார் நிரம்பி வழியும் நீரும், பவாய் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து கீழே இறங்குகின்றன.

சரிவில் தண்ணீருக்கு வேகம் அதிகம். அது கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு ஓடும். அந்தக் கல்லும் மணலும் ரம்பம் போல ஆற்றின் அடியை அறுக்கும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறையானாலும், லட்சக்கணக்கான ஆண்டுகளில் தேயத்தான் செய்யும். மலையில் பள்ளத்தாக்கு உண்டாவது இப்படித்தான்.

சமவெளி பிறந்த கதை

மரோல், சாக்கி நாக்கா பக்கம் வந்ததும் சரிவு குறைகிறது. ஆறு அடியை அறுப்பது குறைந்து, பக்கவாட்டில் அறுக்கத் தொடங்குகிறது. வளைவின் வெளிக்கரையைத் தின்னும். உள்கரையில் மண்ணைப் போடும். இப்படி வளைந்து வளைந்து பள்ளத்தாக்கை அகலமாக்கும். வெள்ளக் காலத்தில் கரை புரண்டு இருபுறமும் வண்டலைப் பரப்பும். கலினாவும் குர்லாவும் அப்படிப் பரவிய தாழ்ந்த நிலத்தில் அமைந்தவை.

கடைசியில் மாகிம் கழிமுகம். கடல் ஏறும் நேரத்தில் ஆற்று நீர் வெளியேற முடியாமல் தேங்கி, சேற்றைப் படிய விடும். அந்தச் சேற்றை அலையாத்திச் செடிகளின் வேர்கள் பிடித்துக்கொள்ளும். தாராவி இந்தச் சதுப்பின் ஓரம். முதலில் கோலி மீனவர்கள் இருந்தார்கள். பிறகு தோல் பதனிடும் தொழில் வந்தது. அதை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். சதுப்பைத் தூர்த்துக் குடிசை போட்டார்கள். எதிர்க்கரையில் பாந்திரா-குர்லா வளாகம் எழுந்ததும் தூர்த்த சதுப்பின் மேல்தான்.

2005 ஜூலை 26

அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. கடலும் ஏறியிருந்தது. மித்தியோ ஒடுங்கிக் கிடந்தது. விமான நிலைய ஓடுபாதை ஆற்றின் மேலேயே போகிறது. அந்த இடத்தில் ஆறு சட்டென்று திரும்ப வேண்டியிருக்கிறது. கரைகளில் குப்பையும் கட்டடமும் நிறைந்திருந்தன.

தண்ணீர் எங்கே போகும்? தான் அமைத்த பழைய சமவெளிக்கே போயிற்று. தரைத்தள வீடுகள் மூழ்கின. மும்பையில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே மித்திக்கென ஓர் ஆணையம் அமைந்து, ஆற்றை அகலப்படுத்தும் வேலையும் ஆழப்படுத்தும் வேலையும் தொடங்கின.

இது மும்பைக்கு மட்டும் உள்ள கதை அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் ஊருக்குள் புகுந்ததை நம் உறவினர்கள் போனில் சொல்லக் கேட்டோம்.

நாம் கேட்க வேண்டியது

ஆற்றோரப் பகுதியில் வீட்டுக்கு டெபாசிட் கொடுக்கும் முன், 2005-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் விசாரியுங்கள். ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பரணில் வையுங்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வரும் நாளில், இருட்டும் வரை காத்திராமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

தாராவி மறுசீரமைப்பில் எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறோம். கட்டடத்தின் தரை எந்த உயரத்தில் இருக்கும், மித்திக்கு எவ்வளவு இடம் விடப்படும் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.