பொம்மைகளுக்குக் கீழே மறைந்திருந்த கைகள்

நடிகர்கள் நடிக்கும் படங்களில், ஒரு ஷாட்டில் நனைந்திருந்த சட்டை அடுத்த ஷாட்டில் உலர்ந்திருந்தால் அதைத் திரைத்துறையினர் கன்டினியூட்டி பிழை என்பர். பொம்மைகளே நடிக்கும் படங்களில் இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு: பொம்மையை இயக்குபவரின் தலையோ கையோ கம்பியோ ஃபிரேமுக்குள் வந்துவிட்டால், அதுவரை உயிருள்ளதாகத் தோன்றிய பாத்திரம் அக்கணமே வெறும் துணியாகிவிடும். 1979இல் வெளியான ‘தி மப்பெட் மூவி’ என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த அச்சத்தை வெல்வதிலேயே செலவாயிற்று.

ஜிம் ஹென்சன் உருவாக்கிய மப்பெட் பொம்மைகள் அதற்குமுன் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்தன. அங்கே அரங்கத்தின் தளத்தை உயர்த்திக் கட்டி, கலைஞர்கள் அதற்குக் கீழே நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பொம்மைகளை இயக்கினர். கேமராவில் பதிவாவதை ஒரு சிறு திரையில், அதாவது மானிட்டரில், பார்த்தபடியே நடித்தனர். திறந்தவெளியில் இத்தகைய வசதி கிடையாது. மரமும் சாலையும் உள்ள மெய்யான உலகில் இப்பொம்மைகள் பொருந்துமா என்பதைக்கூட, இயக்குநர் ஜேம்ஸ் ஃப்ராலியும் ஹென்சனும் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சோதனைப் படப்பிடிப்பு நடத்திப் பார்த்த பிறகே உறுதி செய்துகொண்டனர்.

கெர்மிட் என்னும் தவளை சதுப்புநிலத்தில் மரக்கட்டைமேல் அமர்ந்து பாஞ்சோ வாசித்துப் பாடும் தொடக்கக் காட்சி இதற்குச் சிறந்த சான்று. சுற்றிலும் தண்ணீர் மட்டுமே தெரிவதால் இயக்குபவர் ஒளிய இடமே இல்லை என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் ஹென்சன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தார். ஒருவர் உடலைக் குறுக்கி அமரும் அளவிலான உலோகத் தொட்டியை மூழ்கவைத்து, மூச்சுவிடக் குழாய் வழியே காற்றை அனுப்பி, உள்ளே மானிட்டரையும் பொருத்தியிருந்தனர். தொட்டியின் மேற்புறத்தில் இருந்த ரப்பர் உறை வழியே கையை மேலே நீட்டி அவர் கெர்மிட்டை நடிக்கவைத்தார். அமைதியான அந்தப் பாடலைப் பார்க்கும் எவருக்கும் இந்த நெருக்கடி சிறிதும் புலப்படாது என்பதே அக்கலையின் உச்சம்.

ஃபோஸி என்னும் கரடி 1951ஆம் ஆண்டு ஸ்டூடபேக்கர் காரை ஓட்டும் காட்சிகளில், பொம்மைக் கலைஞர்கள் கண்ணில் படாதபடி காருக்குள் மடங்கிக் கிடந்தனர். உண்மையான ஓட்டுநர் காரின் டிக்கிக்குள் அமர்ந்து, காரின் கூர்மூக்கில் பொருத்திய கேமரா காட்டிய படத்தை மானிட்டரில் பார்த்தே சாலையில் வண்டியைச் செலுத்தினார். கெர்மிட் மிதிவண்டி ஓட்டும் காட்சியில் கையுறைப் பொம்மைக்கு மாறாக, மேலிருந்து மெல்லிய நூல்களால் ஆட்டப்படும் பொம்மை பயன்பட்டது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் தடயங்கள் எஞ்சத்தான் செய்தன. கெர்மிட்டின் கைகளை அசைக்கும் மெல்லிய கம்பிகளைக் கூர்ந்து பார்ப்பவர் சில இடங்களில் கண்டுபிடித்துவிடலாம். பழைய பிரதிகளில் மங்கலாக மறைந்தவை, தெளிவு கூடிய புதிய பதிப்புகளில் வெளிப்படுகின்றன. மப்பெட்டுகளில் பல இடக்கைப் பழக்கம் உள்ளவையாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு: கலைஞரின் வலக்கை பொம்மையின் தலைக்குள் சென்று வாயை அசைப்பதால், எஞ்சிய இடக்கையே அதன் இடக்கையாகிறது, வலக்கை தேவைப்பட்டால் இன்னொருவர் பக்கத்தில் நெருங்கி நின்று உதவ வேண்டும். இவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பதைவிட வேலையின் கைரேகைகளாகக் கொள்வதே நியாயம்.

படமும் தான் ஒரு படம் என்பதை மறைக்க முயலவில்லை. மப்பெட்டுகளே ஒரு திரையரங்கில் கூடித் தங்கள் படத்தைப் பார்ப்பதாகக் கதை அமைந்திருக்கிறது. நடுவில் ஃபிலிம் அறுந்து காட்சி நின்றுபோகிறது. பாலைவனத்தில் சிக்கிய கெர்மிட்டையும் நண்பர்களையும் மப்பெட் இசைக்குழுவினர் தேடிக் கண்டுபிடிப்பது திரைக்கதைப் பிரதியைப் படித்துத்தான்.

இறுதிக் காட்சியில் 250க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஒரே ஃபிரேமில் பாடுகின்றன. அதற்காகக் குழி ஒன்றை அமைத்து, 137 பேரை உள்ளே நெருக்கமாக நிற்கவைத்தனர்; அவர்களுள் இயக்குநர் ஜான் லாண்டிஸும், பின்னாளில் இயக்குநராகப் பெயர்பெற்ற டிம் பர்ட்டனும் இருந்தனர். படத்தில் சிறு வேடமேற்ற எட்கர் பெர்கன், உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலையில் மூத்தவர். தம் காட்சியை முடித்த சிறிது காலத்தில், 1978இல் அவர் காலமானார். ஹென்சன் படத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.