22-வது குரோமோசோமில் ஒரு துண்டு காணோம்

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டுல, எங்க தெருவுலயே ஒரு அக்கா. அவங்க பையனுக்கு இருபது வயசுல காதுல யாரோ பேசுற மாதிரி குரல் கேக்க ஆரம்பிச்சுது. புருஷன் வீட்டுல முதல்ல கேட்டது, "உங்க வம்சத்துல யாருக்குப் பைத்தியம்?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோட்.

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு ஒரே ஒரு ஜீன் காரணம் கிடையாது. நூத்துக்கணக்கான சின்னச் சின்ன மரபு வேறுபாடுகளும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்துதான் அது வருது. ஆனா தனியாவே ஆபத்தைப் பல மடங்கு கூட்டுற விஷயங்கள் சில உண்டு. அதுல ரொம்பத் தெரிஞ்சது 22க்யூ11.2 நீக்கம்.

சீசன்ல எங்க சுகர் மில் வாசல்ல கரும்பு வண்டிங்க வரிசையா நிக்கும். ரெண்டு வரிசைன்னு வெச்சுக்கோங்க: ஒண்ணு அம்மா தந்தது, இன்னொண்ணு அப்பா தந்தது. ஒரு வரிசையில நடுவுல நாப்பது வண்டி சேர்ந்தாப்ல காணோம். அந்த வண்டிங்கதான் ஜீன்கள். பெரும்பாலானவங்களுக்குத் தொலையுறது சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்து. அந்தத் துண்டோட ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுத்து வரிசை இருக்கு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடி மாறிச் சேர்ந்து, நடுவுல இருக்கிறது விட்டுப்போயிடுது.

பத்துல ஒன்பது பேருக்கு இது புதுசா நடக்குறது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருக்காது. அப்புறம் வம்சத்தைத் தோண்டி என்ன பண்ண? (இது இருக்கிறவங்களுக்குப் பிறக்குற குழந்தைக்கு வர்றதுக்கு மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.)

1978-ல ராபர்ட் ஷ்ப்ரின்ட்சன் குழு இதை இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, மூக்கால பேசுறதுன்னுதான் விவரிச்சாங்க. அந்தக் குழந்தைங்க வளர்ந்தாங்க. 1992-ல மனநோய் பத்தியும் எழுத வேண்டியதாச்சு. இந்த நீக்கம் இருக்கிறவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா மாதிரியான நோய் வருது. மத்த மூணு பேருக்கு வர்றதில்ல. திருப்பிப் பார்த்தா, ஸ்கிசோஃப்ரினியா இருக்கிற நூறு பேர்ல ஒருத்தர்கிட்ட இது இருந்தாலே அதிகம். அதனால எல்லாரும் டெஸ்டுக்கு ஓட வேண்டாம்.

இன்னொண்ணு, மரபணு ஆய்வுல பெரும்பாலானது ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களோட ரத்தம். சென்னையில சாரதா மேனன் 1984-ல தொடங்கின ஸ்கார்ஃப், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோட சேர்ந்து நம்ம ஊர்க்காரங்க மரபணுவையும் பார்த்து 2019-ல வெளியிட்டிருக்காங்க. இன்னும் நிறைய வேணும்.

டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியவங்க: மனநோயோட சின்ன வயசு இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு, கத்துக்கிறதுல சிரமம்னு ஏதாவது இருக்கிறவங்க. சாதாரண குரோமோசோம் டெஸ்ட்ல இது பெரும்பாலும் தெரியாது. மைக்ரோஅரே இல்லன்னா ஃபிஷ் டெஸ்ட் வேணும். தெரிஞ்சா மருந்து நிக்காது. ஆனா கால்சியம் குறைஞ்சா வலிப்பு வரலாம்னு டாக்டர் முன்னாடியே பார்ப்பாங்க.

அக்கா பையனுக்கு மூணு வயசுல இதய ஆபரேஷன் நடந்திருக்கு. அதை மனநல டாக்டர்கிட்ட அவங்க சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல.