வேன் தகரத்தை வீட்டிலேயே ஒட்டலாமா?

எம்மில் பலருடைய வியாபாரம் ஒரு பழைய வேனில்தான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்தும் என்ன, வரியைச் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரிக்குப் புது வாகனம் எட்டாக்கனிதான். பழைய டவுன்ஏஸ், லைட்ஏஸ் எஞ்சின்கள் இன்னும் உழைக்கும். கதவுக்குக் கீழ்த் தகரமும் தளமும்தான் கறள் பிடித்து உதிர்கின்றன. கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக.

கராஜ் கூலியை விட, வேன் நிற்கும் நாட்களின் நட்டமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதனால்தான் வீட்டு முற்றத்தில் வெல்டிங் பழகினேன்.

கேட், கிறில் அடிக்கும் ஆர்க் வெல்டிங் இதற்குச் சரிவராது. வாகனத் தகரத்தின் கனம் ஏறத்தாழ 0.7 முதல் 1 மில்லிமீற்றர்தான். அந்தச் சூட்டில் ஓட்டையாகிவிடும். வேண்டியது மிக் மெசின். 0.6 மில்லிமீற்றர் கம்பியும், ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவும் பாவித்தால் வேலை துப்புரவாக வரும். வாயு தேவைப்படாத கம்பி மலிவாகத் தெரியலாம். ஆனால் அது கூடுதல் சூடு, கூடுதல் சிதறல். மெல்லிய தகரத்தில் பழகுபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

முதலில் பழைய இரும்புக் கடையில் ஒரு கதவை வாங்கி அதில் பழகுங்கள். கறளை அராவி, மினுங்கும் தகரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். கறளுக்கு மேல் ஒட்டு நிற்காது. நீளமாக இழுத்து ஒட்டினால் தகரம் நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு மறுமுனையில், பிறகு நடுவில் என்று மாறி மாறி வைத்து, சூடு ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்புவதே முறை. பொறுமையில்லாதவருக்கு இந்த வேலை சரிவராது.

பெட்டரியின் மறை வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பெற்றோல் தாங்கி, எரிபொருள் குழாய், பிரேக் குழாய் அருகில் இருந்தால் கழற்றாமல் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் கார்ப்பெற்றும் அடிப்பூச்சும் மறுபக்கத்தில் சத்தமில்லாமல் புகையும். தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். முடித்து ஒரு மணித்தியாலம் வரை வேனை விட்டுப் போகாதீர்கள். நாகப் பூச்சுள்ள தகரத்தின் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஒட்டுவதோ உயிராபத்து. அந்தச் சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். முகமூடி இல்லாமல் ஒரு பொறியும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள், அவர்களுக்கும் கண் போகும்.

ஒட்டிய இடத்தில் பிரைமர், அதன் மேல் சீலர், கடைசியாக அடிப்பூச்சு. உட்புறத்தை அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலங்களில் அதே இடத்தில் கறள் திரும்ப வரும். ஓட்டைக்குள் பட்டியைத் திணித்து பெயின்ட் அடிப்பது பழுதுபார்த்தல் அல்ல, மறைத்தல். அப்படிப்பட்ட வேனை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

சேசிஸ், சீட் பெல்ட் பூட்டும் இடம், சஸ்பென்சன் பிடிக்கும் இடம் ஆகியவற்றை நான் தொடுவதில்லை. விபத்தில் அந்த ஒட்டு விட்டால் போவது ஓட்டுநரின் உயிர். அவற்றுக்குத் தேர்ந்த வெல்டரையே தேடுங்கள். மகனோ தம்பியோ இதைத் தொழிலாகவே பழக விரும்பினால், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் வெல்டிங் பயிற்சி நெறிகள் இருக்கின்றன.