குடும்பத் தலைவர் இறந்தபின் நிலமும் கடனும்: பொறுப்பேற்பவர் செய்ய வேண்டியவை

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரர் ஊரை நினைக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில் உள்ள திருவண்ணாமலையையே இங்கு குறிப்பிடுகிறோம். இங்கிருந்து இராசபாளையம் வரை தென்னை, மா, நெல், பருத்தி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர். பூச்சி மருந்து பற்றிக் கேட்க வருபவர்களே, "அப்பா காலமாகி இரண்டு வருஷமாயிற்று. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. சொசைட்டியில் கடன் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?" என்றும் கேட்கிறார்கள். நிலம் யாருடையது என்று தீராதவரை உரமிடவும் மோட்டார் மாற்றவும் யாருக்கும் மனம் வராது. ஆகவே இதுவும் உழவைச் சேர்ந்த விஷயமே.

நிற்கும் பயிரைக் காப்பது

துக்க வீட்டில் பயிரைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கத் தேவையில்லை. உரிமையில்லாமல் இறந்தவரின் சொத்தில் தலையிடுபவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனால் சொத்தைப் பாதுகாப்பதற்காகவும், ஈமச் சடங்குக்காகவும், குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவும் செய்வது தலையீடு ஆகாது என்று அதே சட்டம் விலக்களிக்கிறது. தம்பியோ பக்கத்து நிலத்துக்காரரோ தண்ணீர் பாய்ச்சலாம், களையெடுக்கலாம், முற்றிய கதிரை அறுத்துப் பத்திரப்படுத்தலாம். காய் வெட்டி விற்ற பணத்தைத் தமதாக்கிக் கொண்டால் அது வேறு கதை.

இறந்தவரின் வங்கி அட்டையைக் கொண்டு பணம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். எடுத்தவர் நல்லெண்ணத்தோடு எடுத்திருந்தாலும் பின்னால் சந்தேகத்துக்கு அதுவே வித்தாகிறது.

பொறுப்பாளர் உரிமையாளர் அல்ல

உயில் எழுதியவர், அதை நிறைவேற்ற ஒருவரை நியமித்திருக்கலாம். அவரே உயில் நிறைவேற்றாளர். பத்திரங்களில் 'எக்சிகியூட்டர்' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் தாய்மாமனோ மூத்த மகனோ இருப்பார். பொறுப்பை ஏற்க விருப்பமில்லையென்றால் எதிலும் கைவைக்கும் முன்பே மறுத்துவிடுவது நல்லது. ஏற்றுக்கொண்டபின் அவர் கையில் உள்ள சொத்து பிறருக்காக வைத்திருக்கும் சொத்தாகும். அவருடைய அலட்சியத்தாலோ முறைகேட்டாலோ நட்டம் ஏற்பட்டால் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய நேரிடும். நீதிமன்றம் அவரை நீக்கவும் செய்யலாம்.

உயில் செல்லுபடியாக இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வதே நல்லது. நம் பகுதி நிலத்துக்கு இங்கேயே எழுதப்படும் உயிலுக்கு 'புரோபேட்' என்னும் நீதிமன்றச் சான்று கட்டாயமில்லை. புரோபேட் பெற்றவர் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அது பெறாதவரும் இந்த முறையைக் கைக்கொள்வது அவருக்கே பாதுகாப்பு. ஒரு நோட்டில் தேதி, வெட்டிய காய் எண்ணிக்கை, விலை, வாங்கியவர், வெட்டுக்கூலி, உரச்செலவு ஆகியவற்றை எழுதி வரலாம். மாந்தோப்பைக் காய்க் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் முதல் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பல வீடுகளில் சண்டை மூள்வது நிலத்தால் அல்ல, இந்தக் கணக்கு இல்லாததால்தான்.

கடனுக்குப் பிறகே பங்கு

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் சட்டம் ஒழுங்கு வகுத்திருக்கிறது. அளவான ஈமச் செலவும், கடைசி நோய்க்கான மருத்துவச் செலவும் முதலில் வரும். உயில் சான்று பெறும் செலவு அடுத்தது. அதன்பின், இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேலை செய்த கூலியாட்களின் பாக்கி. கடைக்காரருக்கும் கைமாற்று கொடுத்தவருக்கும் முன்பாகவே கூலியாளுக்குத் தரவேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மற்றக் கடன்களில் வேண்டியவருக்கு முழுதும், வேண்டாதவருக்கு ஒன்றுமில்லை என்று செய்யலாகாது. மீதி ரூ.60,000 இருக்க, உரக்கடைக்கு ரூ.40,000, கைமாற்று ரூ.80,000 பாக்கி என்றால், கடைக்கு ரூ.20,000-மும் மற்றவருக்கு ரூ.40,000-மும் சேரும். அடமானமும் நகைக்கடனும் இந்தக் கணக்கில் சேரா. ஈட்டுப் பொருளின் மேல் அவர்களுக்குத் தனி உரிமை உண்டு. வாரிசுகள் தாங்கள் பெற்ற சொத்தின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவார்கள். ஆகையால் மிரட்டலுக்குப் பயந்து சொந்தப் பெயரில் புது நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

உயிலில் சொன்ன பங்குகளை உடனே கேட்டு நெருக்கவும் முடியாது. இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை நிறைவேற்றாளருக்கு அவகாசம் உண்டு.

மகளின் பங்கு

உயில் இல்லாமல் இறந்த இந்து விவசாயியின் சுயசம்பாத்திய நிலம் மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சமபங்கு. மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள் இருந்தால் 3 ஏக்கரில் ஆளுக்கு 60 சென்ட். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டென்று, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தை விளக்கி உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன் முறைப்படி செய்த பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு.

சகோதரி விட்டுக்கொடுக்க விரும்பினால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தேவை. வெள்ளைத்தாளில் கையெழுத்து போதாது. சீர் செய்ததைக் காட்டிப் பங்கு தீர்ந்தது என்பதும் செல்லாது.

தள்ளிப்போடுவதன் விளைவுக்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சான்று. 1938-இல் ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் வாங்கிய நிலம் அது. அவருடைய ஒரே மகள் 1967-இல் பிள்ளையின்றி இறந்தார். சொத்து மகளுக்குச் சேர்ந்ததா, தந்தையின் சகோதரர் மகனுக்கா என்ற வழக்கு 1991-இல் தொடுக்கப்பட்டது. மகளுக்கே சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது 20.1.2022 அன்று.

பெயர் மாற்றம்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அடுத்து இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறலாம். அது வாரிசு யார் என்று காட்டுமேயன்றி, யாருக்கு எவ்வளவு நிலம் என்று காட்டாது. பாகம் பிரியும் வரை எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கி வைக்கலாம். நம் மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. ஆகவே பழைய பத்திரங்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் கலங்க வேண்டாம். சர்வே எண் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மின் இணைப்பு, சொசைட்டி உறுப்பினர் பெயர் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். பிரதமரின் ஆண்டுக்கு ரூ.6,000 உதவி தானாக வாரிசுக்கு வராது; இறப்பைத் தெரிவித்துவிட்டு வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 1.2.2019-க்குப் பின் கைமாறிய நிலத்துக்கு அந்த உதவி இல்லையெனினும், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வங்கி வைப்புத்தொகையில் நாமினியாகப் பெயர் உள்ளவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது.

தகராறு முற்றினால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். போகும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், கடன் ரசீதுகள், மேலே சொன்ன கணக்கு நோட்டு ஆகியவற்றைத் தவறாமல் எடுத்துச் செல்லவும்.