பதின்மூன்று ஊர் கண்ட பந்தாட்டக்காரர்

2015-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 24-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முதல் நாள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கூடைப்பந்துக் கோஷ்டியார் அன்றைய தினம் ஒரு மனிதரை வாங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கோஷ்டியார் அவரை விற்றார்கள். விலை என்ன என்று கேட்கிறீர்களா? பணம் அல்ல. பிற்பாடு வரப்போகும் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் வைபவத்தில், இரண்டாவது சுற்றில் இரண்டு பேரைப் பொறுக்கிக் கொள்ளும் உரிமை. அதாவது, இன்னார் என்று பெயர் கூடத் தெரியாத இரண்டு பையன்கள்!

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அதே மனிதர் அந்த வருஷம் ஏப்ரல் மாதம் வரையில் அதே பிலடெல்பியாவில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்தவுடன், "போய் வாருங்கள்" என்று அவரை வழியனுப்பி விட்டார்கள். சும்மா இருந்தபோது வேண்டாம் என்று விட்ட மனிதரை எட்டு மாதம் கழித்து விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் என்ன வந்தது? அந்தப் பருவத்தில் பிலடெல்பியா அதுவரை ஆடிய ஆட்டங்கள் 31. ஜயித்தது ஒன்றே ஒன்று. இதைக் காட்டிலும் அவசியம் வேறு வேண்டுமா?

அந்த மனிதரின் பெயர் இஷ்மயேல் ஸ்மித். சுருக்கமாக இஷ் ஸ்மித் என்பார்கள். விவிலியத்தில் வரும் இஷ்மயேல், தகப்பன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டு வனாந்தரத்தில் அலைந்தவன். பெயர் வைத்த பெற்றோர் என்ன நினைத்து வைத்தார்களோ, நமக்குத் தெரியாது. ஆனால் பெயர்ப் பொருத்தம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

கூடைப்பந்து ஆட்டத்தை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து மைதானங்களில் பார்த்திருப்பார்கள். 1891-ஆம் வருஷம் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர், குளிர் காலத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளே ஏதாவது விளையாட்டு வேண்டும் என்பதற்காக, பழக் கூடைகளை உயரே மாட்டி ஆரம்பித்து வைத்தது. அவர் வேலை பார்த்த வாலிபர் கிறிஸ்தவ சங்கமே 1920-ல் சென்னையில் தேகப் பயிற்சிக் கலாசாலையையும் ஏற்படுத்தியது. நம் பக்கத்தில் இவ்வாட்டம் வேரூன்றியதில் அந்தக் கலாசாலைக்குப் பெரும் பங்கு உண்டு.

கோஷ்டிக்கு ஐந்து பேர். ஆடுகளம் 94 அடி நீளம். வளையம் 10 அடி உயரம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த 24 விநாடியில் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவருக்குப் "பாயிண்ட் கார்ட்" என்று பெயர். பெரும்பாலும் ஐவரில் குள்ளமானவர் இவர்தான். ஸ்மித்தின் உயரம் ஆறு அடி. நம் ஊரில் அண்ணாந்து பார்ப்போம், அங்கேயோ அவரைக் குனிந்து பார்ப்பார்கள்! பந்தைத் தட்டிக்கொண்டே களத்தின் குறுக்கே வருவார். விரலால் ஒரு ஜாடை காட்டுவார். நெட்டையர் ஒருவர் வந்து எதிரியின் வழியை மறித்து நிற்பார். அந்த இடைவெளியில் இவர் புகுவார். எதிரிகள் இருவர் இவர்மேல் பாய்ந்தால், வழி மறித்த நெட்டையர் வளையத்தண்டை தனியாக இருப்பார். பந்து அவர் கைக்குப் போய்ச் சேரும். ஜனங்கள் கைதட்டுவது நெட்டையருக்கு.

கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கிறவரை நினைத்துக் கொள்ளுங்கள். வழக்கமாக வாசிக்கிறவருக்கு ஜுரம். சாயங்காலம் நாலு மணிக்கு வேறொருவருக்கு ஆள் போகிறது. அவர் இதற்கு முன் அந்தப் பாடகருடன் ஒரு தரம் கூட உட்கார்ந்ததில்லை. ஒத்திகை கிடையாது. வர்ணம் முடிவதற்குள் பாடகர் எங்கே எடுப்பார், எங்கே இழுப்பார், எங்கே தடுமாறுவார் என்பதைக் கண்டுகொண்டாக வேண்டும். ஸ்மித் பதினாலு வருஷ காலம் செய்த உத்தியோகம் இதுதான். ஒவ்வோர் ஊரிலும் ஜாடைகள் வேறு, பயிற்சியாளர் வேறு. நெட்டையர் ஒருவர் மார்பளவில் பந்தை வாங்குவார். இன்னொருவருக்குத் தலைக்கு மேலே போட்டால்தான் பிடிக்கும்.

ஸ்மித் 1988-ஆம் வருஷம் ஜூலை மாதம் வட கரோலினாவிலுள்ள சார்லட் நகரில் பிறந்தார். வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையில் படித்தார். மகஸி போக்ஸ், கிறிஸ் பால் போன்ற பேர்பெற்ற பாயிண்ட் கார்டுகள் படித்த இடம் அது. 2010-ல் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் வைபவம் நடந்தது. கோஷ்டிகள் இரண்டு சுற்றில் அறுபது பேரைப் பொறுக்கின. அறுபதில் ஸ்மித் இல்லை.

ஆனாலும் ஹூஸ்டன் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2011 பிப்ரவரியில் மெம்பிஸுக்கு மாற்றியது. மெம்பிஸ் அவ்வருஷ முடிவில் விலக்கியது. கோல்டன் ஸ்டேட் கோஷ்டியில் சில ஆட்டங்கள்; பிறகு ஒர்லாண்டோ; 2013-ல் மில்வாக்கி; அதே வருஷம் பீனிக்ஸ். 2014-ல் ஒக்லஹாமா நகரத்தின் பிரதான ஆட்டக்காரருக்குக் கை எலும்பு முறிந்தது. ஸ்மித்துக்கு அழைப்பு வந்தது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஓர் ஆட்டம் ஆடுவதற்குள் விலக்கப்பட்டார். பிறகு பிலடெல்பியா. அப்பால் வாஷிங்டன் அவரைச் சேர்த்துக்கொண்டு, பருவம் தொடங்குவதற்கு முன்பே விட்டுவிட்டது. மறுபடி நியூ ஆர்லியன்ஸ். மறுபடி பிலடெல்பியா. எழுதுகிற எனக்கே மூச்சு வாங்குகிறது. மூட்டை கட்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இத்தனை மாற்றங்களும் ஆட்டத்தின் குறையால் நேர்ந்தவை என்று நினைத்தால் தவறு. அந்த வியாபாரத்தின் சூக்ஷ்மம் வேறு. ஒரு கோஷ்டி பெரிய ஆட்டக்காரரை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்து வேறொருவரை வாங்கும்போது, இரு பக்கத்துச் சம்பளத் தொகையும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் விதி. தராசு ஒரு பக்கம் தாழ்ந்தால் படிக்கல் போட வேண்டும் அல்லவா? ஸ்மித் போன்றவர்கள் அந்தப் படிக்கல். மெம்பிஸுக்குப் பேரம் நடந்தது ஷேன் பாட்டியர் என்பவருக்காக. மில்வாக்கிக்குப் பேரம் ரெடிக் என்பவருக்காக. ஸ்மித் கூடப் போனார். இது போதாதென்று, சிறிய ஒப்பந்தக்காரர்களின் சம்பளம் ஜனவரி மாதம் 10-ஆம் தேதி வரையில் உறுதியில்லை. அதற்கு முன் அனுப்பிவிட்டால் அதுவரைக்கும் உண்டான கூலியோடு சரி. பத்தே நாளைக்கு ஒப்பந்தம் செய்துகொள்வதும் அங்கே உண்டு.

மனிதர்களை இப்படிக் கைமாற்றுவது, அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி ஒழித்து நூற்றைம்பது வருஷம் ஆன தேசத்தில், அதுவும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பு ஜாதியாராயிருக்கும் ஒரு தொழிலில், நமக்குச் சங்கடமாகத்தான் படுகிறது. லக்ஷக்கணக்கில் டாலர் சம்பாதிக்கிறவரை அடிமை என்று சொல்வது பேதைமை. அதை நான் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் அதிகம் என்பதற்காகச் சுதந்திரம் வேண்டாம் என்று அந்த ஆட்டக்காரர்களே சொல்லவில்லை. முன்காலத்தில் ஒரு கோஷ்டியில் கையெழுத்திட்டவர், கோஷ்டி விடுகிற வரைக்கும் அதற்கே கட்டுப்பட்டவர். 1970-ல் ஆஸ்கார் ராபர்ட்ஸன் என்னும் மகா நிபுணர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்து, முதலாளிகள் மேல் வழக்குத் தொடுத்தார். அவரும் பாயிண்ட் கார்டுதான். 1976-ல் வழக்கு ராஜியாயிற்று, கட்டு தளர்ந்தது. முழுச் சுதந்திரத்துடன் ஓர் ஆட்டக்காரர் தமக்கு இஷ்டமான கோஷ்டிக்குப் போனது 1988-ல். டாம் சேம்பர்ஸ் என்பவர் ஸியாட்டிலை விட்டுப் பீனிக்ஸுக்குப் போனார். ஸ்மித் பிறந்த வருஷமும் அதுவே. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் ருசி பெரிய ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த அளவு படிக்கற்களுக்குத் தெரிந்ததா என்பது சந்தேகம்.

பிலடெல்பியாவுக்கு வருவோம். அக்கோஷ்டியின் நிர்வாகி ஸாம் ஹிங்கி ஒரு கணக்கு வைத்திருந்தார். நிறையத் தோற்ற கோஷ்டிக்கே புது ஆட்டக்காரர்களில் சிறந்தவரைப் பொறுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே சில வருஷம் தோற்றுக்கொண்டே இருந்தால், பின்னால் பெரிய ஆட்டக்காரர்கள் சேருவார்கள். கணக்கு என்னமோ கணக்குத்தான். அப்படியே சில நெட்டை வாலிபர்களும் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை! 2015-ல் முதல் 18 ஆட்டங்களும் தோல்வி. நெட்டையர்கள் வளையத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், பந்து வரவில்லை. கொட்டகைக்கு வந்த ஜனங்கள் வயிறெரிந்து திரும்பினார்கள்.

ஸ்மித் வந்தார். டிஸம்பர் 26-ஆம் தேதி பீனிக்ஸ் நகரில் ஆட்டம். பிலடெல்பியா ஜயித்தது, பருவத்தின் இரண்டாவது ஜயம். அன்று முதல் பருவ முடிவு வரையில் ஆடிய 51 ஆட்டங்களில் 9 வெற்றி. "இதென்ன பிரமாதம்?" என்று கேட்கலாம். பிரமாதம் இல்லைதான், 82 ஆட்டத்தில் 72 தோல்வி என்பது எந்த ஊரிலும் மானக்கேடு. ஆனால் 31 ஆட்டத்துக்கு ஒன்று என்பது ஆறு ஆட்டத்துக்கு ஒன்று ஆயிற்று. ஆட்டத்துக்குச் சராசரி ஏழு தடவை இவர் கொடுத்த பந்து பிறர் கையால் வளையத்தில் விழுந்தது. தோற்பதற்கென்றே திட்டமிட்ட இடத்திலும் வாலிபர்கள் ஆட்டம் கற்க வேண்டுமானால், பந்தைச் சரியாகக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. ஹிங்கியின் கணக்கில் அந்த ஒருவருக்குக் கட்டமே போடவில்லை. 2016 ஏப்ரலில் அவர் ராஜிநாமாச் செய்தார்.

அந்தக் கோடையில்தான் ஸ்மித்துக்கு முதல் முதலாக நிலையான இடம் கிடைத்தது. டிட்ராயிட் மூன்று வருஷத்துக்கு 1 கோடியே 80 லக்ஷம் டாலர் பேசி எடுத்துக்கொண்டது. மூன்று வருஷமும் ஒரே ஊரில் இருந்தார்! பின்னர் வாஷிங்டனில் இரண்டு வருஷம். 2021-ல் பிறந்த ஊராகிய சார்லட். 2022 பிப்ரவரியில் மறுபடியும் வாஷிங்டனுக்கு மாற்றம். அவர் ஆட்டத்தின் பலம் வேகம். தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் வித்தை மட்டும் அவருக்குக் கடைசி வரையில் முழுதும் வசப்படவில்லை. அவர் காலத்திலோ ஆட்டமே அந்த வித்தையை நோக்கித் திரும்பிவிட்டது. எத்தனையோ பேரை அந்தத் திருப்பம் ஓரம் தள்ளியது. இவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

2022 கோடையில் வாஷிங்டன் அவரை டென்வருக்கு மாற்றியது. இந்தப் பேரத்திலும் முக்கியஸ்தர் வேறொருவர், இவர் படிக்கல். டென்வர் அவருக்குப் பதின்மூன்றாவது கோஷ்டி. அதற்கு முன் நால்வர் தலைக்குப் பன்னிரண்டு கோஷ்டிகளில் ஆடியிருந்தார்கள். பதின்மூன்று கண்டவர் எவரும் இல்லை.

டென்வர் நகரம் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது 1976-ல். அது வரையில் ஒரு முறை கூட வாகை சூடியதில்லை. 2023-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி இரவு, மயாமி கோஷ்டியை 94க்கு 89 என்ற கணக்கில் தோற்கடித்து, இறுதிப் பந்தயத்தை நாலுக்கு ஒன்றாக முடித்தது. இறுதிப் பந்தயங்களில் ஸ்மித்துக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தது மிகச் சொற்பம். பெஞ்சியில் உட்கார்ந்து, துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, களைத்து வருகிறவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தார். ஆனால் ஜயித்த கோஷ்டியில் ஒவ்வொருவருக்கும் மோதிரம் உண்டு. அறுபது பேரில் ஒருவராகக் கூடப் பொறுக்கப்படாதவருக்கும் ஒரு மோதிரம் கிடைத்தது.

மோதிரம் வாங்கியவருக்கு மறு பருவம் தொடங்கியபோது வேலை இல்லை. நவம்பரில் சார்லட் நகரத்துக் கோஷ்டியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய கோஷ்டியில் அடிபட்டவர்கள் அதிகமாயிருந்தார்கள். பந்து கொண்டுவர ஓர் ஆள் தேவை. முப்பத்தைந்து வயதில், ஸ்மித் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.